செவிலியரும் உணவியல் அறிவும்

வீட்டின் பின்கட்டில் பிரசவம் நிகழ்ந்த காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இது பெருமைக்குரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே ஆய்வு தரும் வேறோர் எண்ணை இதன் பக்கத்தில் வைத்து நோக்கும்போது நம் மகிழ்ச்சி சற்றே அடங்கிவிடுகின்றது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் ஊட்டப்பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 41.8 மட்டுமே.

அறுவை மூலம் நிகழும் பிரசவங்கள், தாய்க்கோ சேய்க்கோ நேரும் நோய் முதலியவை சில தாமதங்களுக்குக் காரணமாகலாம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அம்முதல் மணி நேரம் வீணாயிற்று என்றால், அதற்கு அவை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. அந்நேரத்தில் தாயின் அருகில் நிற்பவர் யார்? மருத்துவர் அடுத்த கட்டிலுக்குச் சென்றிருப்பார். பாட்டியும் அத்தையும் வாயிலுக்கு வெளியே காத்திருப்பர். அருகில் நிற்பவர் செவிலியே. அவர் சொல்லும் சொல்லும், சொல்லாமல் விடும் சொல்லும் அக்குழந்தையின் முதல் உணவைத் தீர்மானிக்கின்றன.

அப்படியாயின் செவிலியருக்கு இவ்வறிவு இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இந்தியச் செவிலியர் மன்றம் 2021-இல் வகுத்த பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தில் இரண்டாம் அரையாண்டிலேயே உணவியலுக்கு 60 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. புரதம், கொழுப்பு, மாவுப்பொருள், வைட்டமின், தாதுப்பொருள் ஆகியவற்றின் இயல்பை மாணவியர் பிழையின்றி எழுதுகின்றனர். குறை அறிவில் இல்லை. அவ்வறிவு தேர்வுத்தாளிலிருந்து அடுப்பங்கரைக்குச் செல்லும் வழியில் இருக்கின்றது என்பதே என் கருத்து. அவ்வழி செப்பனிடப்பட வேண்டுமாயின் இரண்டு செய்திகள் மாணவியர் மனத்தில் ஊன்ற வேண்டும். ஒன்று, உணவில் நன்மை தீமை என்பன பருவத்தைப் பொறுத்தவை. ஒரு வயதில் மருந்தாவது மற்றொரு வயதில் தீங்காகும். மற்றொன்று, தாயின் மொழியிலும் அவள் வீட்டு அளவிலும் சொல்லப்படாத அறிவுரை, சொல்லப்படாததற்கே ஒப்பாகும்.

கிராமும் கரண்டியும்

நம் நாட்டின் உணவியல் ஆராய்ச்சி நீலகிரி மலையில் பிறந்தது. 1918-இல் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராயும் பணியைக் குன்னூரில் தொடங்கினார். அச்சிறு முயற்சியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. குன்னூரில் இருந்தபோதே, 1937-இல், அய்க்ராய்ட் என்பார் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைக் காட்டும் நூலை வெளியிட்டார். 2017-இல் வெளிவந்த இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணைகள் 528 உணவுப் பொருள்களை ஆராய்ந்து கூறுகின்றன. இத்துணை விரிவான செல்வத்தை நம் அறிவியலார் தேடி வைத்துள்ளனர்.

ஆனால் இவ்வட்டவணைகள் 100 கிராம் எடைக்கு, அதுவும் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கு, கணக்கிடப்பட்டவை. துவரம்பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு என்று மாணவி படிக்கின்றார். தாயின் வீட்டிலோ தராசு இல்லை. அங்கே இருப்பவை கரண்டி, கிண்ணம், குவளை, கைப்பிடி ஆகியவையே. வடநாட்டில் 'கட்டோரி' என்னும் சிறு கிண்ணமே அளவு. ஆறுபேர் உண்ணும் வீட்டில் ஒரு பிடிப் பருப்பைப் பெருக்கிக் குழம்பாக்கினால் ஒருவர் தட்டில் விழும் பருப்பு எவ்வளவு என்பதை எந்த அட்டவணையும் கூறாது. அக்கணக்கைச் செய்து முடிக்க வேண்டியவர் செவிலியே.

நம் நாட்டில் இக்கடமை மேலும் கடினமானது. தலைநகரின் ஒரு மருத்துவமனைக் கூடத்தைக் கருதுக. செவிலி கேரளத்தவர், கட்டிலில் படுத்திருக்கும் தாய் பீகாரிலிருந்து வந்தவள், துணைக்கு இருக்கும் மாமியார் ஊர்ப்பேச்சன்றி வேறறியாதவள். கேரளச் செவிலி கேழ்வரகை மனத்தில் எண்ணிச் சொல்லும் அறிவுரை, கேழ்வரகையே கண்டறியாத வீட்டுக்குப் பயன்படுமா? கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு என்பது மெய்யே. ஆனால் அத்தாயின் வீட்டில் இருப்பது, அவள் நாட்டில் 'சத்து' என்றே வழங்கும் வறுத்த கடலை மாவு. பெயரளவில் நம் தமிழ்ச் சொல்லோடு ஒத்திருக்கும் அம்மாவு, பொருளளவிலும் ஒத்தது, புரதம் நிறைந்தது. "உன் வீட்டில் என்ன இருக்கின்றது?" என்று முதலில் கேட்கக் கற்ற செவிலிக்கே அது புலப்படும்.

ஒரு சொல் செய்த பிழை

சொல்லைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், குழந்தை உணவு பற்றிய ஆங்கிலத் துண்டு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கும் பணி எனக்கு வாய்த்தது. அதில் 'வீனிங்' என்னும் சொல் பலமுறை வந்தது. அகராதி காட்டிய வழியே சென்று, 'பால்குடி மறக்கச் செய்தல்' என்று எழுதினேன். "ஆறு திங்கள் நிறைந்ததும் பால்குடி மறக்கச் செய்யும் உணவுகளைத் தொடங்குக" என்று ஒரு தொடர் அமைந்தது. இலக்கணப் பிழை எதுவும் அதில் இல்லை.

அச்சுக்குச் செல்லுமுன் அப்படியைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த மூத்த செவிலி ஒருவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "ஐயா, இதைப் படிக்கும் தாய் ஆறாம் மாதமே பாலை நிறுத்திவிடுவாளே!" என்றார். நான் திடுக்கிட்டேன். ஆறு திங்களுக்குப் பின்னர் வேறு உணவும் வேண்டும்; ஆனால் தாய்ப்பால் இரண்டு ஆண்டுகள் வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும், தொடர வேண்டும் என்பதே அறிவியல். என் மொழிபெயர்ப்போ அதற்கு நேர்மாறானதைச் சொல்லிற்று. அச்சொல்லை அடித்து, 'இணை உணவு' என்று திருத்தினேன். தாய்ப்பாலுக்கு இணையாக, அதனோடு சேர்த்து, தரும் உணவு என்பது அதில் விளங்கும். இக்குழப்பத்தைக் கருதியே உலக மருத்துவ வழக்கிலும் பழைய ஆங்கிலச் சொல் கைவிடப்பட்டது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அவர் மேலும் ஒன்று சொன்னார். வெளியீட்டின் இறுதியில், "குழந்தைக்குச் சத்தான உணவு கொடுங்கள்" என்றிருந்தது. "இப்படிச் சொன்னால் தலையை ஆட்டுவாள், கடைக்குப் போய் டப்பா மாவு வாங்குவாள். எதை, எத்தனை கரண்டி, எத்தனை தடவை என்று எழுதுங்கள்" என்றார். உணவியல் கல்வி பற்றி நான் கேட்ட மிகச் சிறந்த அறிவுரை அதுவே. இக்கட்டுரையும் அதன் விரிவுதான்.

முதல் ஆறு திங்கள்

இப்பருவத்தில் செவிலி கூறவேண்டியது மிகச் சிறிது. தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டா. தாய்ப்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு நீரே ஆதலின் கோடையிலும் குழந்தைக்குத் தனியே நீர் தேவைப்படுவதில்லை. மருத்துவர் குறித்துத் தரும் மருந்தும், பேதியின்போது தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இவ்விதிக்கு விலக்கு. முதல் நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் நோயெதிர்ப்புப் பொருள்கள் செறிந்தது. அதைப் பழம்பால் என்று பீய்ச்சி எறிதல் பெருந்தவறு.

சொல்வது சிறிதாயினும் எதிர்த்து நிற்பவை பல. தமிழகத்தில் சேனை தொட்டு வைப்பர். வடநாட்டில் 'குட்டி' எனப்படும் மருந்துச் சாறு தருவர். பல மாநிலங்களில் தேன் நாவில் தடவப்படுகின்றது. தேன் பாட்டிக்கு நல்லது, பேரனுக்கு ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள், ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்ய வல்லவை. "தேன் கெட்டது" என்றால் பாட்டி நம்பமாட்டாள். அவள் நம்பாதது நியாயமே. "ஓராண்டு போகட்டும், பிறகு நீங்களே உங்கள் கையால் கொடுங்கள்" என்றால் இசைவாள். பருவத்தை ஒட்டிப் பேசுவதன் பயன் இது.

ஆறு திங்களுக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் நூற்றுக்கு 63.7 என்று அவ்வாய்வு கூறிற்று. எஞ்சியோர் வீட்டில் புட்டியும் பால்மாவும் நுழைவதற்கு மருத்துவமனையே சில வேளை வாயிலாகிவிடுகின்றது. பால்மாவு, பால்புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடுக்க 1992-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2003-இல் வலுப்படுத்தப்பட்டது. அத்தொழிலார் மருத்துவப் பணியாளருக்குப் பரிசளிப்பதையும் அச்சட்டம் தடுக்கின்றது. ஒரு நாள்காட்டியோ எழுதுகோலோ சிறு பொருள்தானே என்று மாணவியர் எண்ணலாகாது. சுவரில் தொங்கும் அந்நாள்காட்டியைத் தாய் படிக்கின்றாள். செவிலியின் ஒப்புதல் அதற்கு உண்டு என்றே கொள்கின்றாள்.

கரண்டியில் நிற்கும் கஞ்சி

ஆறாம் திங்கள் முதல் இரண்டாம் ஆண்டு வரையுள்ள காலமே நம் நாட்டுக் குழந்தைகள் மிகவும் வாடும் காலம். ஆறு முதல் எட்டுத் திங்கள் வரையான குழந்தைகளில் திட உணவோ குழைந்த உணவோ பெறத் தொடங்கியவர் நூற்றுக்கு 45.9. ஆறு முதல் இருபத்துமூன்று திங்கள் வரையான குழந்தைகளில் போதிய உணவு பெற்றவர் நூற்றுக்கு 11.3 மட்டுமே. ஐந்து வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்குரிய உயரமின்றிக் குன்றியிருப்பதன் வேர்களில் ஒன்று இங்கேதான் உள்ளது.

வறுமை இதற்கு ஒரு காரணம். அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் பருப்பு இருக்கும் வீட்டிலும் குழந்தை மெலிவது ஏன்? தெற்கே 'பருப்புத் தண்ணீர்' என்றும், வடக்கே 'தால் கா பானி' என்றும் சொல்லி, வெந்த பருப்பின் மேல் நிற்கும் தெளிந்த நீரைக் குழந்தைக்குப் புகட்டுகின்றனர். கீழே படிந்த பருப்பைப் பெரியவர்கள் உண்கின்றனர். "குழந்தைக்குச் சீரணமாகாது" என்பது இதற்குச் சொல்லும் காரணம்.

இங்கே செவிலி ஒரு சிறு கணக்கைக் காட்டலாம். குழந்தையின் இரைப்பை உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிற்றில் 240 மில்லிலிட்டர், அதாவது ஒரு பெரிய குவளை அளவே இடமுண்டு. அவ்விடத்தைத் தெளிநீர் நிரப்பிவிட்டால் வயிறு நிறையும், உடல் நிறையாது. தாய்ப்பால் சராசரியாகப் பெறும் குழந்தைக்கு அதற்கு மேல் ஆறு முதல் எட்டுத் திங்களில் நாளொன்றுக்கு 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு திங்களில் 300 கலோரியும், இரண்டாம் ஆண்டில் 550 கலோரியும் இணை உணவிலிருந்து கிடைக்க வேண்டும். நீர்த்த கஞ்சியால் இதனை ஈடுசெய்ய முடியாது.

ஆனால் இவ்வெண்களைத் தாயிடம் கூறிப் பயனில்லை. அவளிடம் கூறவேண்டியது இது: "கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத கஞ்சியாக இருக்க வேண்டும். பருப்பை மசித்துச் சோற்றோடு பிசைந்து கொடு. அதில் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விடு. எட்டுத் திங்கள் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அதன் பிறகு மூன்று நான்கு வேளை. இயன்றால் முட்டை, கீரை, பழம் ஆகியவற்றைச் சேர். பாலை நிறுத்தாதே." ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 45 கலோரி தரும் என்பது செவிலி மனத்தளவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. கரண்டியில் நிற்கும் கஞ்சி என்பதே தாய்க்குரிய செய்தி.

பேதி கண்டபோது உணவை நிறுத்துவது மற்றொரு பழைய தவறு. பாலையும் உணவையும் தொடர வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் தர வேண்டும். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பின்னும் விடாமல் 14 நாள்கள் தர வேண்டும். கரைசலிலும் அளவே உயிர். லிட்டர் அளவுப் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதும் கரைக்க வேண்டும். குவளை நீரில் அதனைக் கொட்டினால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும். வேண்டும்போது சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்தால் பயனற்றுப் போகும். "ஒரு லிட்டர்" என்று சொல்லி விடாமல், அவ்வீட்டில் உள்ள எந்தப் பாத்திரம் ஒரு லிட்டர் கொள்ளும் என்பதைக் காட்டிக் கொடுப்பதே செவிலியின் கடமை.

மகளும் தாயும்

பதினைந்து முதல் பத்தொன்பது வயது வரையான பெண்களில் நூற்றுக்கு 59.1 பேரும், கருவுற்ற மகளிரில் நூற்றுக்கு 52.2 பேரும் இரத்தசோகை உடையவர்கள் என்று அவ்வாய்வு கண்டது. இவ்விரு எண்களும் ஒரே கதையின் இரு பகுதிகள். குமரியின் சோகையே தாயின் சோகையாகி, எடை குறைந்த சேயாகப் பிறக்கின்றது. எனவே கருவுற்ற பின்னர்த் தொடங்கும் அறிவுரை காலந்தாழ்ந்த அறிவுரை. ஃபோலிக் அமிலத்தின் நிலையும் இதுவே. கருவின் நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கின்றது. தான் கருவுற்றிருப்பதைப் பெண் அறிவதற்குள் அவ்வேலை முடிந்துவிடுவதும் உண்டு.

2018-இல் தொடங்கிய சோகை ஒழிப்புத் திட்டத்தின்படி, வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு மாத்திரையும், கருவுற்றோருக்கு நான்காம் திங்கள் முதல் நாளொரு மாத்திரையாக 180 நாள்களும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாள்களும் இரும்புச்சத்து மாத்திரை வகுக்கப்பட்டது. மாத்திரை கைக்கு வருகின்றது, வாய்க்குச் செல்வதில்லை. மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி நிறுத்துகின்றனர், குமட்டலால் நிறுத்துகின்றனர். "கறுப்பது மாத்திரையின் நிறமே, அஞ்சாதே. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் விழுங்கு. தேநீருடனோ காப்பியுடனோ உண்ணாதே. எலுமிச்சை, நெல்லிக்கனி நல்லது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வை" என்ற ஐந்து தொடர்கள் பல மாத்திரைகளைக் குப்பையிலிருந்து மீட்கும்.

"இருவருக்காக உண்" என்பது மக்கள் வழக்கு. கணக்குப்படி கருவுற்றவளுக்கு மிகுதியாக வேண்டுவது நாளொன்றுக்கு 350 கலோரி, அதாவது ஓர் எளிய சிற்றுண்டி அளவு. பாலூட்டும் முதல் ஆறு திங்களில் வேண்டுவதோ 600 கலோரி. கருவைச் சுமக்கும் காலத்தைவிடப் பாலூட்டும் காலத்திலேயே தேவை மிகுதி என்பதைப் பலர் அறியார். ஆனால் நடப்பது என்ன? கருவுற்றபோது உபசாரம், பிள்ளை பெற்றதும் பத்தியம்! கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, பருப்பு வாயு என ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, மிக அதிகமாக உண்ணவேண்டிய நாள்களில் அவள் மிகக் குறைவாக உண்கின்றாள். அன்றியும், பல வீடுகளில் மருமகளே இறுதியாக உண்பவள். "என்ன உண்கின்றாய்?" என்று கேட்பதோடு, "எப்போது உண்கின்றாய், உனக்கு முன் எத்தனை பேர் உண்கின்றனர்?" என்றும் செவிலி கேட்க வேண்டும். அவ்வினா எந்த அட்டவணையிலும் இல்லை.

நடுவயதும் முதுமையும்

நடுவயதில் சிக்கல் திரும்பி நிற்கின்றது. 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று, வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவும், நூற்றுக்கு 35.5 பேருக்கு மிகு இரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணித்தது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. உப்பைக் குறைக்கச் சொன்னால் குழம்பில் மட்டும் குறைப்பர்; ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தின்பண்டம் ஆகியவை கணக்கில் வாரா. அவற்றைப் பெயர் சொல்லிச் சுட்ட வேண்டும். இப்பருவத்தைப் பற்றி நூல்கள் மிகுதியாகப் பேசுவதால் இங்கே விரிக்கவில்லை.

முதுமையைப் பற்றியோ எல்லாரும் குறைவாகவே பேசுகின்றனர். வாழ்வின் தொடக்கத்தில் செய்த அதே பிழையை இறுதியிலும் நாம் செய்கின்றோம். பல்லில்லாத குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர். பல் போன முதியவருக்குக் கஞ்சித் தண்ணீர். வயதானால் உணவு குறைவாகப் போதும் என்ற எண்ணம் கலோரி அளவில் ஓரளவு உண்மை. புரதத்தின் அளவில் உண்மையன்று. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் முதியவருக்கும் வேண்டும். அது குறைந்தால் தசை கரையும், கால் தளரும், விழுவர், விழுந்தபின் படுக்கையில் புண் வரும். ஆகவே உணவு குழைவாக இருக்கலாம். நீர்த்ததாக இருத்தல் கூடாது. மசித்த பருப்பு, தயிர், வேகவைத்த முட்டை, மென்மையாகச் சமைத்த மீன் என்று வழிகள் உண்டு. பி-12 வைட்டமின் தாவர உணவில் இல்லையாதலின் மரக்கறி உண்ணும் முதியோர்க்குப் பாலும் தயிரும் இன்றியமையாதன. தாக உணர்ச்சி குன்றுவதால் கேட்காமலேயே நீர் தர வேண்டும்.

மற்றொரு துன்பமும் உண்டு. நீரிழிவுக்கு ஒரு மருத்துவர் சிலவற்றை விலக்குகின்றார், இரத்த அழுத்தத்துக்கு மற்றொருவர் சிலவற்றை விலக்குகின்றார், சிறுநீரகத்துக்கு இன்னொருவர். 'கூடாது' என்னும் பட்டியல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, முதியவரின் தட்டு வெறுமையாகிவிடுகின்றது. கூடாதவற்றைக் கூறும் செவிலி, கூடுமானவற்றையும் அதே மூச்சில் கூற வேண்டும். ஐயமிருப்பின் அப்பட்டியல்களை மருத்துவர் முன் வைத்து ஒன்றாக்கித் தரச் செய்வதும் அவர் கடமையே.

திரும்பி வரும் தட்டு

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியர் நூலில், உணவு உண்பது பற்றியும், எவ்வுணவு என்பது பற்றியும் தனித்தனியே இரண்டு இயல்கள் எழுதினார். கலோரிக் கணக்கோ வைட்டமினோ அறியப்படாத காலம் அது. ஆயினும் நோயாளியின் உணவைக் கவனிப்பது செவிலியின் தலையாய வேலை என்பதை அவர் உணர்ந்திருந்தார். நோயாளிக்கு என்ன உணவு எழுதப்பட்டது என்பதை ஏடு காட்டும். எவ்வளவு உண்ணப்பட்டது என்பதைத் திரும்பி வரும் தட்டே காட்டும். அத்தட்டைப் பார்க்கும் வாய்ப்பு செவிலிக்கே உண்டு.

கடுமையாக மெலிந்த குழந்தையின் சிகிச்சையில் இக்கவனம் உயிர் காப்பதாகும். ஆறு திங்கள் முதல் ஐந்து வயது வரையான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் மெலிவின் அறிகுறி. அக்குழந்தையைக் கண்டதும் இரக்கத்தால் வயிறு நிறைய ஊட்டத் தோன்றும். அவ்வாறு ஊட்டினால் குழந்தை இறக்கவும் கூடும். மருத்துவமனையில் சேர்த்து, முதலில் 100 மில்லிலிட்டரில் 75 கலோரி மட்டுமே தரும் நீர்த்த பாலுணவைச் சிறிது சிறிதாகத் தந்து, உடல் நிலைபெற்ற பின்னரே 100 கலோரி தரும் உணவுக்கு உயர்த்துவர். சோகை இருந்தாலும் முதல் நாள்களில் இரும்புச்சத்து தருவதில்லை. நலமான குழந்தைக்குக் கெட்டிக் கஞ்சி வேண்டும் என்று மேலே வற்புறுத்திய நானே இங்கு நீர்த்த உணவைக் கூறுவதில் முரண்பாடில்லை. வயதைப் போலவே நோயின் நிலையும் ஒரு பருவம்.

செய்யத்தக்கவை

ஒரு செவிலிக்கு இத்தனை கட்டில்கள் என்ற கணக்கில், பேச நேரம் ஏது என்று கேட்பர். அக்குறை மெய்யானது, அதைத் தீர்ப்பது அரசின் பொறுப்பு. ஆயினும் "சத்தாக உண்" என்பதற்கும், "கரண்டியில் நிற்கும் கஞ்சி கொடு" என்பதற்கும் ஆகும் நேரத்தில் பெரிய வேறுபாடில்லை. அளவு தெளிவாயிருந்தால் கல்லாதவரும் அறிவியலைக் கையாள்வர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1971-இல் வங்க எல்லையிலுள்ள பன்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனபோது, திலீப் மகலநாபிஸ் என்னும் மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலமிட்டு, நீரில் கரைத்துத் தரச் செய்தார். அதனைக் குவளை குவளையாக ஊட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினரே. சாவு பெரிதும் குறைந்தது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, ஒவ்வொரு செவிலியர் கல்லூரியும் தன் மாவட்டத்தில் விளையும், விற்கும் உணவுகளை வீட்டு அளவில் கணக்கிட்டு ஒரு சிறு கையேடு ஆக்க வேண்டும். ஐதராபாத் அட்டவணையும் ஒரு சமையற்கூடமும் இருந்தால் மாணவியரே இதனைச் செய்துவிடலாம். இரண்டாவது, செய்முறைத் தேர்வில் ஒரு பகுதி வாய்மொழியாக, நோயாளியின் மொழியில் அமைய வேண்டும். எதிரே ஒரு தாயை அமர்த்தி, மாணவி கூறிய பின்னர், "இவர் என்ன செய்யச் சொன்னார்?" என்று அத்தாயைக் கேட்க வேண்டும். அவள் தரும் விடைக்கே மதிப்பெண். மூன்றாவது, மக்களுக்கான உணவியல் வெளியீடுகளை மொழிபெயர்ப்போர் அச்சுக்குமுன் அவற்றை ஒரு செவிலியிடமும் ஒரு தாயிடமும் படித்துக் காட்டுவதை விதியாக்க வேண்டும். என் பிழையைத் திருத்தியது அகராதியன்று. கட்டிலருகே நின்று பழகிய ஒருவர்.

இம்மூன்றுக்கும் பெரும்பொருள் தேவையில்லை. அடுத்த குடும்பநல ஆய்வுகளில் அந்த 41.8 எவ்வளவு உயர்கின்றது என்பதைக் கொண்டு நம் செவிலியர் கல்வியை நாம் மதிப்பிடலாம். பிரசவ அறையில் குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்தி, அவள் பேசும் மொழியில், "இதுதான் முதல் உணவு, இப்போதே கொடு" என்று சொல்லும் செவிலியை உருவாக்குவதே அக்கல்வியின் முதற்பாடமாகுக.